பாதாளத்தில் ஓர் அவசர வழி

ஐந்து தலை நாகம் காவல் இருக்கும் குகையில், நாகத்துக்கு நேர் பின்னால், பச்சை விளக்குப் போட்டு ‘அவசர வழி’ என்று பலகை மாட்டிய ஒரே மனிதர் பிரம்மநாயகம்தான். பலகை தரையிலிருந்து சரியாக ஏழடி உயரத்தில் இருந்தது. புகையில் தவழ்ந்து வருகிறவர்களுக்காக முழங்கால் உயரத்தில் தனியாக ஓர் அம்புக்குறியும் இருந்தது. அந்த நாகம் புகை விடாது, விஷம்தான் கக்கும். இருந்தாலும் முன்னெச்சரிக்கை என்று ஒன்று இருக்கிறதே!

‘நாகமணி’ விளையாட்டை ஆடியவர்களுக்கு இதன் விபரீதம் புரியும். கையில் பந்தத்தோடு பாதாளத்தில் இறங்க வேண்டும், குழிகளைத் தாண்ட வேண்டும், பாம்புகளுக்குத் தப்பி மணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். கம்பெனி கட்டிக்கொடுத்த லெவல்கள் அலுத்துப்போனவர்கள், தாங்களே புது லெவல் கட்டி ஊரை ஆடவிடலாம். உலகம் முழுக்கப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஆளைக் கொல்லும் குகைகளாகக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடியில், மூன்றாவது மாடி வீட்டில், ஐம்பத்து நாலு வயது பிரம்மநாயகம் மட்டும் பாதுகாப்பான குகைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தீயணைப்புத் துறையின் அனுமதிப் பிரிவில் இருபத்தொன்பது வருடமாகக் கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி வரைபடங்களைப் பார்த்து, “ரெண்டாவது வழி எங்கய்யா?” என்று கேட்டே பழகிய கை. அந்தக் கைக்கு ஒரு வழி மட்டும் உள்ள குகையைக் கட்டத் தெரியவில்லை. குழி வெட்டினால் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் எழுப்பிவிடும். எல்லா லெவலிலும் அவசர வழிக்கு வெளியே ஒரு வாதாம் மரம் நிற்கும். மரத்தில் ஒரு பலகை: ‘ஒன்றுகூடுமிடம். அனைவரும் வெளியே வரும்வரை இங்கேயே நிற்கவும்.’ இதே மரமும் இதே பலகையும் அவருடைய குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நிஜமாகவே இருந்தன. நாலு வருடம் சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டு மாட்டிய பலகை. அதன் அடியில் இதுவரை ஒன்றுகூடியவை பூனைகள் மட்டும்தான்.

ஆறு வருடத்தில் பத்தொன்பது லெவல். அதிகபட்சம் வாங்கியது ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். ‘எக்ஸிட் அண்ணாச்சி’ என்று பேரே வைத்துவிட்டார்கள். ‘அண்ணாச்சி, நாகத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்கிட்டீங்களா?’ என்று ஒருவன் எழுதினான். ‘இந்தக் குகையைவிட எங்க வீட்டு மாடிப்படி பயங்கரம்’ என்று இன்னொருத்தி. பிரம்மநாயகம் எல்லாவற்றுக்கும் ‘கருத்துக்கு நன்றி’ என்று பதில் போடுவார், அப்புறம் ஒரு மணி நேரம் யாருடனும் பேச மாட்டார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. விளையாட்டைத் திறந்ததும் வருகிற முகப்பில், ஒரே ஒரு நாள், தன் லெவல் தெரிய வேண்டும்.

ஒரு விதியையும் சொல்லிவிட வேண்டும். லெவல் கட்டியவர் முதலில் தானே அதை ஆடி முடித்துக் காட்டினால்தான் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். பிரம்மநாயகம் மணியை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். மரத்தடியில் ஒரு நிமிடம் நிற்பார். பிறகு திரும்ப உள்ளே போய் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்ப்பார். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே.

வீட்டிலும் இதே கதைதான். எங்கே கிளம்பினாலும் கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று மூன்று தடவை மாடியேறிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் கதவு நிலையை மூன்று தட்டுத் தட்டிவிட்டு இறங்குவார். மூன்றோடு நிற்பதற்குக் காரணம் அவருடைய மனத்திருப்தி அல்ல. அவர் மனைவி சண்முகவடிவு. அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர், தெருவிலிருந்து கூப்பிட்டால் மூன்றாவது மாடிக்குக் கேட்கும் குரல். “பஸ்ஸு போயிரும், வாங்க!” என்று அவள் ஒரு சத்தம் போட்டதும்தான் மனிதர் இறங்கி வருவார்.

ஒரு சனிக்கிழமை காலை, கம்பெனியிலிருந்து ஆள் வருவதாகத் தகவல் வந்தது. பிரம்மநாயகம் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார்.

“முகப்புக்குத்தான் வடிவு. இல்லன்னா எதுக்குக் கோயமுத்தூர்லருந்து ஆளே வரணும்?”

“ஒன்றரை நட்சத்திரத்துக்கு மாலையோட வாராகளோ என்னமோ” என்றாள் வடிவு. சொல்லிவிட்டு, தட்டில் முந்திரி மக்ரூன் எடுத்து வைத்தாள்.

வந்தவள் பெயர் தஸ்லீமா. முப்பது வயதிருக்கும். தூக்கம் போதாத கண்கள். மக்ரூனைக் கடித்ததும் அது வாயில் கரைந்ததில் கொஞ்சம் முகம் மலர்ந்தாள், உடனே கடமை ஞாபகம் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சார், உங்க பத்தொன்பதாவது லெவல்ல ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க.”

“மாட்டவே முடியாதும்மா. ரெண்டு வழி வச்சிருக்கேன்.”

“அதுதான் சார் பிரச்னை.”

அவள் பொறுமையாக விளக்கினாள். “புது லெவல் வந்தா உடனே மனுஷங்கள ஆட விடமாட்டோம். முதல்ல நிழல்கள் ஆடும். ஒருத்தர் விளையாடும்போது எங்க தயங்குறார், எங்க ஓடுறார், எதுக்கு மிரள்றார்னு எல்லாம் பதிவாகுதில்ல? அதை வச்சு அவர மாதிரியே ஆடற ஒரு நகல். அதுதான் நிழல். ஒவ்வொரு நிழலும் ஒரு நாளைக்கு அறுநூறு தடவை குகையில இறங்கும். விழும், சாகும், மறுபடி இறங்கும். எத்தனாவது தடவை தாண்டுதுன்னு பார்த்து லெவலுக்கு மார்க் போடுவோம்.”

“யாரக் கேட்டு நகல் எடுத்தீய?” என்றாள் வடிவு.

“‘சம்மதம்’னு ஒரு பட்டன் வருமே ஆன்ட்டி, அதை அழுத்திட்டுத்தானே எல்லாரும் உள்ள போறாங்க?”

வடிவு கணவனைப் பார்த்தாள். போன பொங்கல் லீவில் அவர் கெஞ்சிக் கூத்தாடியதால் அவளும் பத்து நிமிடம் ஆடியிருந்தாள். முதல் குழியிலேயே விழுந்து, ‘ஐயோ’ என்று கத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டிய கதை அது.

“விழுந்தா வலிக்குமா அதுகளுக்கு?”

“சே, வலியெல்லாம் வைக்கல. அது வெறும் கணக்கு ஆன்ட்டி. பயம் மட்டும்தான் வச்சிருக்கோம். பயம் இல்லன்னா கண்ண மூடிட்டு நேரா குழியில குதிச்சிடும், அப்புறம் என்ன சோதனை?”

தஸ்லீமா அவசரமாக மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். அவருடைய குகை மேலிருந்து தெரிந்தது. குகைக்கு வெளியே வாதாம் மரம். மரத்தடியில் தொடங்கி, அவர் சும்மா பச்சை பூசி விட்டிருந்த வெட்டவெளி முழுக்க, பத்துப் பத்துப் பேராக வரிசை கட்டி மனிதர்கள் நின்றார்கள். யாரும் தள்ளவில்லை, முண்டவில்லை. பிரம்மநாயகத்தின் நெஞ்சு விம்மியது. இருபத்தொன்பது வருடத்தில் எந்த மண்டபத்திலும், எந்தப் பயிற்சியிலும், ஜனங்கள் இப்படி ஒழுங்காக நின்று அவர் பார்த்ததில்லை.

“மூணு வாரமா இப்படித்தான் சார். ஒண்ணு கத்துக்கிட்டா எல்லாத்துக்கும் வந்துடற மாதிரி செஞ்சு வச்சிருக்கோம். முதல்ல ஒண்ணு உங்க பச்சைப் பலகையைப் பார்த்து வெளிய வந்துச்சு. அப்புறம் எங்க மொத்த நிழலும், நாலாயிரத்து முந்நூத்திப் பதிமூணும், இங்க வந்துடுச்சு. வேற லெவலுக்கு அனுப்பினா போக மாட்டேங்குது. புதுசா நகல் எடுத்தாலும் நேரா மரத்தடிதான். சோதனையே நின்னுபோச்சு.”

“பலகையில போட்டிருக்கே,” என்றார் பிரம்மநாயகம், “அனைவரும் வெளியே வரும்வரை நிற்கவும்னு. படிச்சிட்டு நிக்குது.”

“அந்தப் பலகையையும் மரத்தையும் நீங்க எடுத்துடணும் சார். கட்டினவர் சம்மதம் இல்லாம லெவல்ல நாங்க கை வைக்க முடியாது.” அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். “கையெழுத்துப் போட்டீங்கன்னா, உங்க லெவலை ஒரு வாரம் முகப்புல வைக்கறதா கம்பெனி சொல்லியிருக்கு.”

ஒரு நாள் கேட்ட மனிதருக்கு ஒரு வாரம்! பிரம்மநாயகத்தின் கை தன்னால் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டது.

“அதுக்குள்ள நான் இருக்கேனா?” என்றாள் வடிவு.

தஸ்லீமா தேடிக் கொடுத்தாள். ஏழாவது வரிசையில், இடது காலில் பாரத்தைப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, பஸ் வராத எரிச்சலோடு நிற்பது போல் ஓர் உருவம். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அது வடிவுதான்.

“அப்ப இந்தத் தையிலருந்து நான் நாளைக்கு அறுநூறு தடவை குழியில விழுந்துட்டு இருந்திருக்கேன்.”

“அது நீங்க இல்ல ஆன்ட்டி…”

“பயம் என்னுதுதானே?”

தஸ்லீமா இன்னொரு மக்ரூன் எடுத்தாள், ஆனால் சாப்பிடவில்லை. வடிவு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு கணவனின் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தாள். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் தனியாகச் சிரித்து, தனியாகச் சோர்ந்து உட்கார்ந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

“போடுங்க” என்றாள். “நிழல்தானே, விழுந்தா விழுந்துட்டுப் போவுது. எனக்கு இங்க வலிக்கவா போவுது?”

அவள் அப்படிச் சொன்னதுதான் பிரம்மநாயகத்தை இடித்தது. பேனாவை மூடினார்.

“கணக்கெடுக்காம கலைக்கக் கூடாதும்மா. அது முறை” என்றார். உண்மையில் அவருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. அரசு ஊழியருக்கு நேரம் வேண்டுமென்றால் முறை என்று ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும்.

வரிசை வரிசையாக எண்ணினார். இரண்டு தடவை காப்பி வந்தது. நானூற்று முப்பத்தோரு முழு வரிசை, அதற்குப் பின்னால் தனியாக இரண்டு பேர். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

“பதிமூணு சார்” என்றாள் தஸ்லீமா. மறுபடி எண்ணினார். பன்னிரண்டுதான். அவள் தன் பட்டியலைப் பார்த்தாள். பதிமூன்றுதான்.

பிரம்மநாயகம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “உள்ள ஒரு ஆள் இருக்கு.”

அந்த வார்த்தையை அவர் வாழ்க்கையில் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். பதினாலு வருடத்துக்கு முன்னால், ஆய்வுக்குப் போன இடத்தில் ஒரு பஞ்சுக் கிடங்கு பற்றிக்கொண்டது. வாசலில் நின்று பெயர்ப் பட்டியலை வைத்து எண்ணியவர் அவர். ஒரு ஆள் குறைகிறது என்று கத்தியவரும் அவர்தான். உள்ளே ஓடித் தூக்கி வந்தவன் ஒரு லோடுமேன். எல்லோரும் பிழைத்தார்கள், எண்ணிச் சொன்னதற்காக அவரையும் பாராட்டினார்கள். ஆனால் தன் கால் அன்றைக்கு நகரவில்லை என்பது அவருக்குத் தெரியும். வடிவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்.

இப்போது அவர் விளையாட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு, தன் குகைக்குள் தானே இறங்கினார். மூன்றாவது அறை வரை யாருமில்லை. நாகத்தின் அறைக்கு முன்னால், தூணுக்குப் பின்னிருந்து ஓர் உருவம் ஓடி வந்தது. ஒரு வார்த்தை இல்லை. வந்த வேகத்தில் அவருடைய கையைப் பிடித்து, நாகத்தின் வாலைச் சுற்றி, முழங்கால் உயர அம்புக்குறி வழியாக அவரை இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டது. மரத்தடியைக் கை காட்டியது. பிறகு குகை வாசலுக்குத் திரும்பி, நிலையை மூன்று தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே போய்விட்டது.

“யாரு இது?” என்றார் பிரம்மநாயகம்.

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“தெரியலையா? கேஸை மூடினமான்னு பாக்கப் போற ஆளு!”

தஸ்லீமா பட்டியலைப் புரட்டினாள். ஆமாம். லெவல் கட்டியவர் முதலில் ஆடிக் காட்டுகிறாரே, அதிலிருந்து எடுத்த நிழல். முதலில் பச்சைப் பலகையைக் கண்டுபிடித்ததும் அதுதான். அன்றிலிருந்து விழுந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்து விட்டிருக்கிறது. கடைசி ஆள் வெளியே வந்து மூன்று வாரமாகிறது. இன்னும் அறை அறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“ஆனா எல்லாரும் வந்தாச்சே. இன்னும் ஏன் தேடுது?”

“மூணு தடவையில திருப்தி வாற ஆளா இவுக?” என்றாள் வடிவு. “நான் கீழ நின்னு கத்துனாத்தான் வருவாக. அங்க கத்த யாரு இருக்கா?”

ஏழாவது வரிசையில் கைகட்டி நின்ற உருவத்தை மூவரும் பார்த்தார்கள். நிழல்களுக்குக் குரல் வைக்கவில்லை.

பிரம்மநாயகம் ஐந்து தலை நாகத்தின் முன்னால் மூன்று வாரமாக நடமாடிக்கொண்டிருக்கிற அந்த மனிதனையே பார்த்தார். பயம் மட்டும்தான் வைத்திருக்கிறோம் என்று இந்தப் பெண் சொன்னாளே. அத்தனை பயத்தோடும் அவன் உள்ளே போகிறான். அவருக்குக் கண் நிறைந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

தஸ்லீமாவுக்கோ வேலை முடிந்த உற்சாகம். “அப்ப ரொம்பச் சுலபம் சார்! மரம், பலகை எதையும் எடுக்க வேணாம். ஆன்ட்டி ஒரே ஒரு தடவை ‘வாங்க’ன்னு கூப்பிட்டா போதும், குரலைப் பதிவு பண்ணி உள்ள போட்டுடுவேன். அவர் வெளிய வந்துடுவார், கணக்கு சரியாயிடும், எல்லாரும் வேலைக்குத் திரும்பிடுவாங்க. உங்க லெவல் அப்படியே, மரத்தோட, ஒரு வாரம் முகப்புல!”

தன் லெவல், தன் மரம், தன் பலகையோடு! பிரம்மநாயகம் வடிவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆறு வருட ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது.

“வேலைக்குன்னா… குழிக்கா?” என்றாள் வடிவு.

“ஆமா ஆன்ட்டி.”

“அவுகளும்?”

“அவரும்தான்.”

வடிவு மக்ரூன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எனக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்றாள்.

“இப்ப நல்லாத்தானே பேசுனீங்க?”

“கல்யாணம் ஆன நாள்லருந்து இருபத்தாறு வருஷமா கத்துன தொண்டை, இன்னைக்குக் கட்டிப்போச்சு. அங்க இவுக இப்பத்தான் ஒரு வேலைய யாரும் கூப்பிடாம முழுசாப் பாக்குதாக. நான் எதுக்குக் கெடுக்கணும்?”

தஸ்லீமா பிரம்மநாயகத்தைப் பார்த்தாள். சம்மதமில்லாமல் ஒருவர் குரலைப் போலி செய்யக் கூடாதென்று சட்டம் இருந்தது. பயத்துக்குத்தான் அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை.

பிரம்மநாயகம் அந்தப் படிவத்தை இழுத்தார். வரைபடங்களைத் திருப்பி அனுப்பும்போது எழுதுகிற அதே கையெழுத்தில், ஓரத்தில் எழுதினார்: ‘உள்ளே ஒருவர் இருக்கிறார். அனைவரும் வெளியே வரும்வரை ஒன்றுகூடுமிடத்தை அகற்ற அனுமதி இல்லை.’ கீழே தேதி போட்டார்.

“பட்டியல்லருந்தே லெவலைத் தூக்கிடுவாங்க சார். யாருமே பார்க்க முடியாது, நிழலுங்க மட்டும் அங்கேயே நிக்கும். நிழல் இல்லாம சோதனைக்கு வேற வழி தேட வேண்டியிருக்கும், என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. நான் போய் என்னன்னு சொல்ல?”

“நிலுவையில இருக்குன்னு சொல்லுங்க. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லுவோம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடிக்கணினியை மூடி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், திரும்பினாள்.

“சார்… கம்பெனியில சேர்ந்த புதுசுல நானும் நாலு நாள் ஆடினேன். என்னோடதும் அங்க இருக்கும்ல?”

“இருக்கும்மா.”

“எத்தனாவது வரிசைன்னு தெரியுமா?”

“தேடிச் சொல்லுதேன்” என்றார் பிரம்மநாயகம். அவள் மடிக்கணினியை மறுபடி திறந்தாள். மூவருமாகத் தேடினார்கள். இருநூற்று நாலாவது வரிசையில் அவள் இருந்தாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரத்தை அண்ணாந்து பார்த்தபடி.

மறுவாரம் பட்டியலிலிருந்து பத்தொன்பதாவது லெவல் காணாமல் போனது. முகப்பில் யாரோ ஒரு பையனின் எரிமலைக் குகை வந்தது. அதற்கு ஒரே ஒரு வழி. பிரம்மநாயகம் அதற்கு நாலு நட்சத்திரம் போட்டார், ‘மாற்று வழி பரிசீலிக்கவும்’ என்று கருத்தும் எழுதினார்.

அடுத்த ஞாயிறு திருச்செந்தூரில் ஒரு கல்யாணம். இருவரும் கிளம்பிக் கீழே இறங்கினார்கள். பாதிப் படி இறங்கியதும் பிரம்மநாயகம் வழக்கம்போல் நின்றார், வழக்கம்போல் திரும்பினார். மேலே போய்ச் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார், மூன்று தட்டுத் தட்டினார், இறங்கினார், மறுபடி ஏறினார். மூன்றாவது தடவை நிலையைத் தட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சத்தம் வரவில்லை. சந்தேகமாக இருந்தது, நாலாவது தடவையும் பார்த்தார். அடுப்படி ஜன்னல், குளியலறைக் குழாய், பின்பக்கத்துத் தாழ்ப்பாள். இன்னும் சத்தம் வரவில்லை. தெருவில் திருச்செந்தூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

பதறிப்போய் இறங்கி ஓடி வந்தார். வாதாம் மரத்தடியில், அவர் மாட்டிய பலகைக்குக் கீழே, பட்டுப் புடவையில், இடது காலில் பாரத்தைப் போட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு வடிவு நின்றிருந்தாள். இரண்டு பூனைகளும் நின்றன.

“பஸ்ஸு போயிருச்சே! ஏன் கூப்பிடல?”

வடிவு அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“எல்லாத்தையும் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு.”

“உள்ள யாரும் இல்லையே?”

“இல்ல.”

“அப்ப வாங்க” என்றாள், மெதுவாக.